ரெஸ்யூமை முதலில் திறப்பது நான்தான்

ஒரகடம் பக்கம் கார்களுக்குப் பாகம் செய்யும் ஆலை ஒன்றில் ஹெச்.ஆர். வேலை எனக்கு. நாளில் பாதி ஆள் எடுப்பதிலேயே போய்விடும். வேலை தேடுகிற பிள்ளைகளோடு பேசினால், தங்கள் ரெஸ்யூமை யாரோ ஒரு பெரிய அதிகாரி சாவகாசமாக உட்கார்ந்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருப்பது தெரியும். அப்படி ஒருவர் இல்லவே இல்லை. முதலில் திறப்பது என்னைப் போல ஒருத்தி. ஒரு பக்கம் கான்ட்ராக்ட் ஆட்களின் அட்டெண்டன்ஸ் தகராறு, இன்னொரு பக்கம் கேன்டீன் சாம்பார் புகார், நடுவில் "மேடம், குவாலிட்டிக்கு ஆள் கேட்டேனே, என்னாச்சு?" என்று புரொடக்‌ஷன் மேனேஜரின் போன். இந்த நெரிசலில்தான் உங்கள் ரெஸ்யூம் திறக்கப்படுகிறது.

திறக்கப்படுவதற்கு முன்னால் அது கண்ணில் பட வேண்டும். நௌக்ரி என்ற வேலைவாய்ப்புத் தளத்தில் விளம்பரம் போட்டால் சாயங்காலத்துக்குள் நூற்றுக்கணக்கில் வந்து குவிந்துவிடும். பெரும்பகுதி சம்பந்தமே இல்லாதவை. குவாலிட்டி இன்ஜினியர் கேட்டால் சிவில் சைட் சூப்பர்வைசரும் வருவார், கால் சென்டர் டீம் லீடரும் வருவார். அதனால் பல சமயம் விளம்பரமே போடாமல், நௌக்ரி நிறுவனங்களுக்குக் காசுக்குத் தரும் ரெஸ்டெக்ஸ் என்ற ரெஸ்யூம் கிடங்குக்குள் நாங்களே இறங்கித் தேடுவோம். தேடல் பெட்டியில் நான் அடிப்பது "கடின உழைப்பாளி" என்றோ "குழுவாக வேலை செய்பவர்" என்றோ அல்ல. பி.பி.ஏ.பி. (புதுப் பாகத்துக்குக் கஸ்டமரிடம் வாங்கும் ஒப்புதல்), சி.எம்.எம். (பாகத்தை நுணுக்கமாக அளக்கும் மெஷின்), 8டி (புகாரின் காரணத்தைக் கண்டுபிடித்துத் தீர்க்கும் முறை), ஐ.ஏ.டி.எஃப். 16949 (கார்த் துறையின் தரச் சான்று) போன்ற வார்த்தைகளைத்தான். கூடவே அனுபவம் 2 முதல் 5 வருடம், ஊர் சென்னை அல்லது காஞ்சிபுரம், நோட்டீஸ் பீரியட் ஒரு மாதத்துக்குள், சமீபத்தில் லாகின் செய்தவர் என்று ஒவ்வொன்றாக வடிகட்டுவேன். நாலு வருடம் சி.எம்.எம். மெஷினிலேயே கிடந்தவர், ரெஸ்யூமில் "பல்வேறு அளவீட்டுக் கருவிகள்" என்று எழுதியிருந்தால் எனக்கு அவர் கிடைக்கவே மாட்டார். அவரை நான் நிராகரிக்கவில்லை. அப்படி ஒருவர் இருப்பதே எனக்குத் தெரியாது.

என் சித்தி மகனுக்கு நடந்தது இதேதான். பி.இ. மெக்கானிக்கல் முடித்து அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மெஷினிங் கம்பெனியில் குவாலிட்டியில் இருந்தான். கம்பெனி சின்னது, சம்பளமும் சின்னது. வேறு இடம் பார்க்கலாம் என்று மாதக்கணக்கில் அப்ளை செய்துகொண்டே இருந்தான், ஒரு போன்கூட வரவில்லை. சித்தி எனக்குப் போன் போட்டு, "உன் தம்பிக்கு மட்டும் ஏன்டி இப்படி? ஜாதகத்தைப் பார்க்கச் சொல்றாங்க" என்றார். ஜாதகத்தை வைத்துவிட்டு ரெஸ்யூமை அனுப்பச் சொன்னேன்.

இரண்டு பக்கம். மேலே பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. "சவாலான சூழலில் என் திறமையை வளர்த்து நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் பங்களிக்க விரும்புகிறேன்" என்று கேரியர் அப்ஜெக்டிவ். அடுத்து படிப்பு, எஸ்.எஸ்.எல்.சி. மார்க் வரைக்கும் பெட்டி கட்டி. இரண்டாம் பக்கத்தின் நடுவில், மூன்று வருட வேலைக்கு மொத்தமாக ஒரே ஒரு வரி: "குவாலிட்டி தொடர்பான எல்லாப் பணிகளுக்கும் பொறுப்பு." அதற்குக் கீழே அப்பா பெயர், மதம், திருமண நிலை, பொழுதுபோக்கு கிரிக்கெட், கடைசியில் "மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை என உறுதி கூறுகிறேன்."

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னேன்.

"அங்க என்னடா வேலை பாக்குற?"

"குவாலிட்டி பாக்குறேன்க்கா."

"அது தெரியும். ஷிஃப்டுக்குப் போனதும் முதல்ல எதைக் கையில எடுப்ப?"

"மெஷினை செட் பண்ணதும் செட்டிங் பீஸ் வரும். அதைச் செக் பண்ணி நான் ஓகே குடுத்தாத்தான் மெஷின் ஓடும்."

"என்ன பீஸ்?"

"அலுமினிய ஹவுசிங்க்கா. பேரிங் உக்கார்ற துளை இருக்கும், போர்னு சொல்வோம். அதை ஏர் கேஜ்ல பாப்போம். மைக்ரான் கணக்கு."

"எப்பவாவது தப்பாப் போயிருக்கா?"

கொஞ்சம் தயங்கினான். "ஒருவாட்டி போச்சு. பேரிங் உள்ள போகலைன்னு கஸ்டமர் லாட்டையே திருப்பி அனுப்பிட்டான். போர் அளவு கம்மியா வந்திருக்கு. பாத்தா, போரைக் கடையுற வெட்டு முனை, அதான் இன்சர்ட், தேய்ஞ்சு போய்க் கடைசியில வர்ற பீஸெல்லாம் சின்னதாகுது. நானூறு பீஸுக்கு ஒருதடவை இன்சர்ட் மாத்திட்டு இருந்தோம். நான் ரெண்டு நாள் உக்காந்து வரிசையா அளந்து சார்ட் போட்டேன். முன்னூறு தாண்டினா இறங்க ஆரம்பிக்குது. அப்புறம் இருநூத்தம்பதுன்னு மாத்திட்டாங்க."

"அதுக்கப்புறம்?"

"அந்தக் கம்ப்ளைன்ட் வரலைக்கா. எட்டு மாசமாச்சு."

இதை ஏன் எழுதவில்லை என்று கேட்டதற்கு, "அது டெய்லி வேலைதானேக்கா, அதுல என்ன இருக்கு?" என்றான். இந்தப் பதிலை நான் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். தினமும் செய்வதால் அது வேலையாகவே தெரிவதில்லை. யாருக்கும் புரியாத பெரிய வார்த்தைகள்தான் ரெஸ்யூமுக்கு லாயக்கு என்று தோன்றிவிடுகிறது. எங்கள் குவாலிட்டி மேனேஜருக்கு இந்த இன்சர்ட் கதையைச் சொன்னால் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார். அவருக்கும் அன்றாடம் அதே தலைவலிதான்.

அந்த ஒரு வரியைத் தூக்கிவிட்டு நாலு வரி எழுதினோம். தமிழில் சொன்னால் இப்படி வரும்: சி.என்.சி. போரிங் லைனில் அலுமினிய ஹவுசிங்குகளுக்கு செட்டிங் அப்ரூவல், இன்-பிராசஸ் சோதனை. ஏர் கேஜ், போர் கேஜ், ஹைட் கேஜ், சி.எம்.எம். பயன்படுத்தியிருக்கிறேன். போர் அளவு குறைந்த கஸ்டமர் புகாரில் அளவுகளைச் சேகரித்து டிரெண்ட் சார்ட் போட்டேன், 8டி தயாரிப்பில் பங்கெடுத்தேன். இன்சர்ட் மாற்றும் இடைவெளி 400 பீஸிலிருந்து 250 ஆனது, அடுத்த எட்டு மாதம் அதே புகார் இல்லை.

"8டி பண்ணது டீம்க்கா. நான் மட்டும் பண்ணேன்னு எழுதினா தப்பாயிடாதா?" என்றான். நல்ல கேள்வி. அதனால்தான் "பங்கெடுத்தேன்" என்று இருக்கிறது. டீம் செய்ததில் தன் கை பட்டது எது என்று பிரித்து எழுதுகிறவரை இன்டர்வியூவில் அசைக்க முடியாது. அளந்தது இவன். எந்தப் பீஸில் அளவு இறங்க ஆரம்பித்தது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான்.

ரெஸ்யூமில் ஒவ்வொரு வரியையும் எழுதிவிட்டு, "இதைப் படித்தால் எதிரே இருப்பவர் என்னை என்ன கேட்பார்?" என்று யோசித்துப் பார்க்கச் சொல்வேன். கேள்வி எதுவும் பிறக்கவில்லை என்றால் அந்த வரி இருந்தும் பிரயோஜனமில்லை. கேள்வி பிறந்து உங்களிடம் பதில் இல்லை என்றால் அந்த வரி ஆபத்து. எஃப்.எம்.இ.ஏ. (எது எப்படிப் பழுதாகலாம் என்று முன்கூட்டியே அலசும் முறை) தெரியும் என்று ஒரு பந்தாவுக்குப் போட்டுவைப்பவர்கள் உண்டு. 2019இல் வந்த அதன் புதிய கையேட்டில், ஆபத்துக்கு மூன்று எண்களைப் பெருக்கி மதிப்பெண் போடும் ஆர்.பி.என். கணக்கு போய், எதை முதலில் சரிசெய்வது என்று வரிசைப்படுத்தும் ஆக்‌ஷன் பிரையாரிட்டி வந்துவிட்டது. எங்கள் பேனலில் முதல் கேள்வியே அதுதான். அதேபோல ஐ.ஏ.டி.எஃப். 16949 வந்தது 2016இல், பழைய டி.எஸ். 16949 சான்றிதழ்கள் 2018 செப்டம்பரோடு செல்லாமல் போயின. இன்றைக்கும் டி.எஸ். என்று எழுதி வரும் ரெஸ்யூம்கள் இருக்கின்றன. பல வருடம் முன்னால் தட்டியதைத் திறந்துகூடப் பார்க்காமல் அனுப்பியிருக்கிறார் என்று அந்த ஒரு வரியே சொல்லிவிடும்.

இது மெஷின் ஷாப்புக்கு மட்டும் பொருந்துகிற விஷயமல்ல. அக்கவுன்ட்ஸுக்கு ஆள் எடுத்தபோது "டேலி தெரியும்" என்று எழுதாத ஆளே இல்லை. ஒரு பெண் மட்டும், எத்தனை கிளையன்ட்டுகளுக்கு மாதம் 11ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்.-1 என்ற விற்பனைக் கணக்கு, 20ஆம் தேதிக்குள் 3பி என்ற வரிக் கணக்கு போடுகிறாள், சப்ளையர்கள் காட்டிய பில்களின் பட்டியலான 2பி-யோடு பர்ச்சேஸ் பில்களை ஒப்பிடும்போது விட்டுப்போன பில்களை சப்ளையரிடம் எப்படிக் கேட்டு வாங்குகிறாள் என்று மூன்று வரி எழுதியிருந்தாள். எங்கள் ஃபைனான்ஸ் சார் அந்தத் தாளை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார்.

சாட்ஜிபிடி பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலம் தகராறு என்றால் அதை வைத்து இலக்கணம் சரிபார்த்துக்கொள்ளுங்கள், தப்பே இல்லை. நானும் ஆஃபர் லெட்டருக்கு அதைத்தான் உட்கார வைக்கிறேன். ஆனால் "குவாலிட்டி இன்ஜினியருக்கு ரெஸ்யூம் எழுதிக் கொடு" என்று மொட்டையாகக் கேட்டு வாங்கி அனுப்பினால், அன்று வந்த இருபது ரெஸ்யூமில் பதினைந்தில் அதே வாசகம் இருக்கும். போதாக்குறைக்கு, செய்யாத சாதனைகளை "முப்பது சதவீதம் குறைத்தேன்" என்று அதுவாகச் சேர்த்தும் விடுகிறது. முப்பது எதிலிருந்து எதற்குக் குறைந்தது என்று கேட்டால் பையன் விழிக்கிறான்.

சரி, வடிவம். கேன்வா என்ற டிசைன் தளத்தில் பக்கத்தை நெடுக்காக இரண்டாகப் பிரித்து, இடது பக்கம் கறுப்புப் பட்டை, திறமைகளுக்கு நட்சத்திரம் போட்ட ரெஸ்யூம்கள் பார்க்க லட்சணமாகத்தான் இருக்கின்றன. எக்செல்லுக்கு ஐந்தில் நாலு நட்சத்திரம் என்றால் எனக்கு என்ன புரியும்? பிவட் டேபிள் போடுவேன், வி-லுக்கப் போடுவேன் என்று எழுதினால் புரியும். அதைவிடப் பெரிய சிக்கல், பெரிய கம்பெனிகள் ஒர்க்டே, சக்சஸ்ஃபேக்டர்ஸ் மாதிரி மென்பொருளில்தான் விண்ணப்பம் வாங்குகின்றன. அது உங்கள் ரெஸ்யூமிலிருந்து எழுத்துகளை உருவி அதற்கான கட்டங்களில் போடும். டெக்ஸ்ட் பாக்ஸ், டேபிள், ஹெட்டருக்குள் இருக்கும் போன் நம்பர் எல்லாம் அப்போது தவறிப்போகலாம், இடம் மாறலாம். பரிசோதிக்க ஒரு சுலப வழி: உங்கள் பி.டி.எஃப்.ஐத் திறந்து மொத்தத்தையும் செலக்ட் செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வரிசையாகப் படிக்க முடிந்தால் சரி. கம்பெனி பெயர் ஓரிடமும் தேதி வேறிடமும் சிதறிக் கிடந்தால் மென்பொருளுக்கும் அப்படித்தான் தெரியும். ஒன்றுமே ஒட்டவில்லையென்றால், அது ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்த படம். அதைத் தேடல் பெரும்பாலும் கண்டுபிடிக்காது.

தம்பியின் ரெஸ்யூமிலிருந்து போட்டோ, அப்பா பெயர், மதம், கிரிக்கெட் எல்லாவற்றையும் எடுத்தேன். உறுதிமொழியை எடுக்கும்போது மட்டும் பதறினான். அது இல்லாவிட்டால் செல்லாது என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். சேரும்போது கம்பெனியே ஒரு விண்ணப்பப் படிவம் தரும், அதில் உறுதிமொழியும் கையெழுத்தும் இருக்கும். ரெஸ்யூமில் இருப்பதை நாங்கள் சீண்டுவதே இல்லை. ஆதார், பான், பாஸ்போர்ட் எண்களைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள். உங்கள் ரெஸ்யூம் எத்தனை வாட்ஸ்அப் குரூப்களில் சுற்றும் என்று உங்களுக்குத் தெரியாது. கல்ஃப் வேலை என்றால் கதை வேறு, அங்கே போட்டோவும் பாஸ்போர்ட் விவரமும் கேட்பது வழக்கம். அதற்குத் தனியாக ஒன்று வைத்துக்கொள்ளலாம். பெண்கள் திருமண நிலையைப் போடவே வேண்டாம் என்பது என் கட்சி. போட்டால் என்ன கேள்வி வரும் என்று அந்த நாற்காலியில் உட்காரும் எனக்குத் தெரியும்.

தேதிகளில் விளையாடக் கூடாது. நடுவில் ஆறு மாதம் சும்மா இருந்ததை மறைக்க, முந்தைய கம்பெனியின் கடைசி மாதத்தை இழுத்து எழுதுவார்கள். ஆஃபருக்கு முன்னாலோ பின்னாலோ பி.எஃப். விவரம் கேட்போம். யு.ஏ.என். என்ற உங்கள் பி.எஃப். எண்ணின் சர்வீஸ் ஹிஸ்டரியில் எங்கே எப்போது சேர்ந்தீர்கள், எப்போது விலகினீர்கள் என்பது தேதியோடு இருக்கும். இடைவெளி இருந்ததற்காக நான் யாரையும் ஒதுக்கியதில்லை. "அப்பாவுக்கு ஆபரேஷன், வீட்டில் இருந்தேன்" என்று ஒரு வரி போதும். தேதி பொய் என்று தெரிந்து, கையில் கொடுத்த ஆஃபரைத் திரும்ப வாங்கியதுண்டு. அந்தப் பையன் வேலையில் நல்ல கெட்டி, அதுதான் வயிற்றெரிச்சல். போலி அனுபவச் சான்றிதழ் விற்கும் கன்சல்டன்சிகளும் மாட்டுவது இந்த இடத்தில்தான். அவர்கள் தரும் தாளுக்குப் பின்னால் பி.எஃப். கணக்கு இருக்காது. வேலைக்கு முன்பணம், டெபாசிட் என்று கேட்டால் அந்த இடத்திலேயே போனை வைத்துவிடுங்கள்.

ஃப்ரெஷர்களிடம் எழுத ஒன்றுமில்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர்கள் ரெஸ்யூமில் இருக்கும் ஃபைனல் இயர் பிராஜெக்ட் பெரும்பாலும் பிராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கியது. எங்களுக்கும் தெரியும், கேட்கும் இரண்டாவது கேள்வியில் அவர்களுக்கும் தெரிந்துவிடும். கேம்பஸில் ஒரு பையன், பெரிய தலைப்பில் ஏதோ ரோபோ பிராஜெக்ட் போட்டிருந்தான். எதைக் கேட்டாலும் மௌனம். அனுப்பிவிடலாம் என்று எழுந்தபோது கையைப் பார்த்தேன், விரல் இடுக்கில் ஆயில் கறை. கேட்டால், அப்பா கோயம்புத்தூர் கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார், லீவு நாளெல்லாம் இவன் அங்கேதான். திரெட் வெட்டுவான், டூல் தீட்டுவான், ஜாப் ஒர்க் டெலிவரிக்கும் போவான். ஏன் எழுதவில்லை என்றால், "பட்டறைன்னு எழுதினா நல்லாருக்காதுன்னு ஃப்ரெண்ட்ஸ் சொன்னாங்க மேடம்." எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜர் அவனோடு அரைமணி நேரம் லேத்தைப் பற்றியே பேசினார். எடுத்தோம், இன்னும் எங்களோடுதான் இருக்கிறான். சித்தப்பா கடையில் கணக்கு எழுதியது, டெலிவரி வண்டி ஓட்டியது, டியூஷன் எடுத்தது எல்லாம் வேலைதான். எத்தனை மாதம், என்ன பொறுப்பு என்று எழுதுங்கள். அரியர் இருந்தால் ஒளிக்காதீர்கள், மார்க்‌ஷீட் வாங்கும்போது எப்படியும் தெரிந்துவிடும்.

நேரெதிர்ப் பக்கத்திலும் பார்த்திருக்கிறேன். 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக அறிவித்த பிறகு, மறைமலை நகர் ஆலையிலிருந்தும் அதற்குப் பாகம் கொடுத்துவந்த ஆலைகளிலிருந்தும் ரெஸ்யூம்கள் வர ஆரம்பித்தன. பதினைந்து, இருபது வருடம் ஒரே இடத்தில் இருந்தவர்கள், ரெஸ்யூம் என்று ஒன்றை எழுத அவசியமே வந்திருக்காது. சிலர் எல்லாவற்றையும் இரண்டு வரியில் முடித்திருந்தார்கள், சிலர் டிரெய்னியாக இருந்தபோது போன கைசன் (வேலையை மேம்படுத்தும் யோசனை) போட்டி வரைக்கும் ஆறு பக்கம். அப்படிப்பட்டவர்களுக்கு நான் சொன்னது, ஒரே கம்பெனி என்றாலும் பதவி மாறிய ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனி வேலையாகப் பிரித்துத் தேதி போடுங்கள். கடைசி எட்டு, பத்து வருடத்தை விரித்து எழுதுங்கள், அதற்கு முந்தையதற்குப் பதவிக்கு ஒரு வரி போதும். எத்தனை பேர் உங்களுக்குக் கீழே இருந்தார்கள், எந்த மாடல் லாஞ்சில் இருந்தீர்கள் என்பதை முதல் பக்கத்திலேயே வையுங்கள்.

தம்பிக்கு இரண்டு ரெஸ்யூம் செய்து கொடுத்தேன். ஒன்றில் லைன் குவாலிட்டி முன்னால், மற்றதில் சி.எம்.எம். முன்னால். விளம்பரத்தில் எதைக் கேட்கிறார்களோ அதற்கேற்ப அனுப்ப வேண்டும். ஃபைல் பெயர் "ரெஸ்யூம் நியூ ஃபைனல் 3" என்று இருந்ததை அவன் பெயரும் குவாலிட்டி இன்ஜினியர் என்பதும் வருகிற மாதிரி மாற்றினேன். மெயில் அனுப்பும்போது சப்ஜெக்டில் பதவி, அனுபவம், நோட்டீஸ் பீரியட் மூன்றும் இருக்க வேண்டும். வெற்று மெயிலில் அட்டாச்மென்ட் மட்டும் வந்தால் கடைசியாகத்தான் திறப்பேன், திறக்காமலும் போவேன். நௌக்ரி புரொஃபைலை வாரம் ஒருமுறையாவது திறந்து எதையாவது அப்டேட் செய்யச் சொன்னேன். நான் வடிகட்டும்போது, ரொம்ப நாளாக எட்டிப் பார்க்காதவர்கள் முதலிலேயே கழன்றுவிடுவார்கள்.

சில வாரங்களில் ஸ்ரீபெரும்புதூர், மறைமலை நகர் பக்கமிருந்து அவனுக்கு அழைப்புகள் வர ஆரம்பித்தன. எல்லாம் ரெஸ்யூமின் மகிமை என்று சொல்ல மாட்டேன். தீபாவளி போனஸ் வாங்கிய கையோடு நிறையப் பேர் பேப்பர் போடுவார்கள், அப்போது எல்லா ஆலையிலும் இடம் காலியாகும். அந்த நேரமும் கூடி வந்தது. சித்தி இன்னமும் குருப்பெயர்ச்சிதான் காரணம் என்கிறார்.

அழைப்பு வர ஆரம்பித்த பிறகு அவனிடம் ஒரு விஷயத்தில் சண்டை போட வேண்டியிருந்தது. தெரியாத நம்பர் என்று போனை எடுக்க மாட்டான். லோன் வேண்டுமா என்று கேட்டே மனுஷரைக் கொல்கிறார்கள், அவனைச் சொல்லியும் குற்றமில்லை. ஆனால் நாங்கள் அழைப்பது ஆபீஸ் லேண்ட்லைனிலிருந்து. காலை பத்தரைக்கு மேல், இல்லாவிட்டால் மத்தியானம் சாப்பாடு முடிந்து. ஒருதடவை அடிப்போம், எடுக்காவிட்டால் லிஸ்டில் அடுத்த பெயருக்குப் போய்விடுவோம். ஷாப் ஃப்ளோரில் போன் கூடாது என்றால், எந்த நேரத்தில் பேச முடியும் என்பதை ரெஸ்யூமில் நம்பருக்குப் பக்கத்திலேயே எழுதிவிடலாம். தம்பி ரெஸ்யூமில் "மாலை 4 மணிக்குப் பிறகு" என்று போட்டோம். பலர் அதைப் பார்த்துவிட்டு நாலரைக்கு அழைத்தார்கள்.